தினமும் ஓட்டும் காருக்கு எந்த கிளட்ச்? ஸ்டேஜ் 3 போடச் சொல்கிறார்கள்

மார்ச் 3, இரவு 9.40 (கேள்வி)

அண்ணே, எஃப்டி2ஆர் (ஹோண்டா சிவிக் டைப் ஆர்) வைத்திருக்கிறேன். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்று) முடிந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. ஈசூனிலிருந்து துவாஸுக்கு தினமும் வேலைக்குப் போய்வருகிறேன், வாரக் கடைசியில் பாலம் தாண்டி ஜேபி (ஜொகூர் பாரு). இப்போது நாலாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. பட்டறையில், "எப்படியும் கியர்பாக்ஸை இறக்கணும், அப்படியே ஸ்டேஜ் 3 சிக்ஸ் பக்கும் லைட் ஃப்ளைவீலும் போட்டுடு, அப்புறம் கவலையே இல்லை" என்கிறார்கள். (சிக்ஸ் பக் என்றால் உராய்வுப் பட்டையை ஆறு துண்டாக வைத்த கிளட்ச், ஃப்ளைவீல் என்றால் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்.) எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் தவிர வேறெதுவும் தொடவில்லை. போடலாமா?

மார்ச் 3, இரவு 10.55

போடாதே தம்பி. விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை பட்டறையில் முன்பணம் எதுவும் கட்டாதே.

மார்ச் 4, காலை 7.20

கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை, அதாவது எஞ்சின் முறுக்கும் விசையை. குதிரைத்திறனைப் பார்த்து கிளட்ச் வாங்கக் கூடாது. உன் கே20ஏ எஞ்சின் 8,000 ஆர்பிஎம்மில் 225 குதிரைத்திறன் தருகிறது. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் டார்க் 215 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,100 ஆர்பிஎம்முக்குப் போனால்தான். என்னுடையது ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போ. குதிரைத்திறன் 140, ஓட்டத்தில் உன் வண்டிக்குப் பக்கத்தில் வராது. ஆனால் டார்க் 230 நியூட்டன் மீட்டர், 2,500 ஆர்பிஎம்மிலேயே வந்து நிற்கிறது. கிளட்ச் கணக்கில் பார்த்தால் என் சின்ன வண்டிதான் கடினமான வேலை கொடுக்கிறது.

இன்டேக்கும் எக்ஸாஸ்டும் மாற்றியதால் உனக்குப் பத்து, இருபது நியூட்டன் மீட்டர் கூடியிருக்கலாம். டர்போ இல்லாத எஞ்சினில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஹோண்டா போட்டுக் கொடுத்த கிளட்சே அதைத் தாங்கும், இத்தனை வருஷம் தாங்கித்தான் வந்திருக்கிறது. ஆகவே ஸ்டேஜ் 3 என்ற பேச்சே உன் வண்டிக்குப் பொருந்தாது. அசல் மாதிரியே போடுவதா, ஒரு படி மேலே போவதா, இதுதான் உன் முன்னால் இருக்கும் கேள்வி.

மார்ச் 4, மதியம் 12.35

இன்னொன்று. தேய்ந்துதான் நழுவுகிறது என்று இறக்கிப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் (கிளட்ச் பிளேட்டின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) எண்ணெய் பட்டாலும் இதே மாதிரிதான் நழுவும். பெடலில் கொஞ்சம்கூட ஃப்ரீ பிளே (மிதிக்கத் தொடங்கும்போது சும்மா இறங்கும் சிறு இடைவெளி) இல்லாமல் யாராவது சரிசெய்து வைத்திருந்தால், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் முழுதாக அழுத்தாமல் எப்போதும் அரைகுறையாகவே பிடித்துக்கொண்டிருக்கும். அதிலும் நழுவும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து என்ன பிளேட் போட்டாலும் பணம் வீண்.

பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிடு. ரிவெட் தலைகள் லைனிங்கின் மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தால் ஆயுள் முடிந்தது, நியாயமான தேய்மானம். லைனிங் இன்னும் தடிமனாக இருந்து, மேலே கறுத்துப் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தால் எண்ணெய். தடிமனாக இருந்து கண்ணாடி மாதிரி காய்ந்து மினுங்கினால் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மார்ச் 4, இரவு 10.10

வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். கணக்கை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் சொல்லும் வார்த்தைகளைவிட இந்த ஒரு பெருக்கல் உனக்கு உதவும்.

கிளட்ச் தாங்கும் டார்க் நான்கைப் பொறுத்தது: உராயும் முகங்கள் எத்தனை, உராய்வுக் கெழு எவ்வளவு, பிரஷர் பிளேட் எவ்வளவு விசையில் அழுத்துகிறது, லைனிங்கின் சராசரி ஆரம் எவ்வளவு. நான்கையும் பெருக்கு. உதாரணத்துக்கு ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்: வெளிவிட்டம் 212 மில்லிமீட்டர், உள்விட்டம் 140. சராசரி ஆரம் 88 மில்லிமீட்டர், அதாவது 0.088 மீட்டர். ஒரு பிளேட்டுக்கு இரண்டு முகம். ஆர்கானிக் லைனிங்கின் கெழு 0.3 என்று வை. அழுத்தும் விசை 5,000 நியூட்டன். பெருக்கினால் 264 நியூட்டன் மீட்டர்.

இதை உயர்த்த வழி என்ன? ஆரத்தைக் கூட்ட முடியாது, ஃப்ளைவீலில் இடம் இல்லை. முகங்களைக் கூட்டுவது ட்வின் பிளேட், அது வேறு விலை, வேறு உலகம். மிச்சம் இரண்டு. விசையை 25 சதவீதம் கூட்டினால் 264 என்பது 330 ஆகும். விலை உன் இடது கால் கொடுக்கும், பெடல் கனக்கும். விசையைத் தொடாமல் லைனிங்கை மாற்றி, கெழுவை 0.3 இலிருந்து 0.4க்குக் கொண்டுபோனால் 352. பெடல் அப்படியே இருக்கும், ஆனால் பிடிக்கும் விதம் மாறிவிடும். செராமிக், செம்பு, சின்டர்ட் என்று பெயர் வைத்து விற்பதெல்லாம் இந்த இரண்டாவது வழி.

உன் தேவை 235க்குள். அதற்கு மேலே கால் பங்கு இருப்பு வைத்தால் 295 ஆகிறது. ஆர்கானிக் லைனிங்கோடு சற்றுக் கனமான பிரஷர் பிளேட் போட்டாலே அந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

மார்ச் 5, மாலை 6.50

"அதிகமாகத் தாங்கினால் நல்லதுதானே, என்ன நஷ்டம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஸ்விஃப்டுக்கு முன்னால் ஒரு பழைய இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருந்தேன். வாங்கும்போதே அதில் சிக்ஸ் பக் கிளட்ச் இருந்தது, முந்திய சொந்தக்காரர் போட்டது. தட்டு முழுக்க லைனிங் இருக்காது. ஓரத்தில் ஆறு துண்டுகள், ஒவ்வொன்றும் ஓரளவு தீப்பெட்டி அளவு, செம்புக் கலவை. விரைவுச்சாலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டிலிருந்து மூன்று மாற்றும்போது பிடி அவ்வளவு கச்சிதம்.

சனிக்கிழமை காலை, ஜேபிக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் வந்து பாருங்கள். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். அதைத் தாண்ட சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முன்னால் இருக்கும் வண்டி ஐந்து அடி நகரும், நீங்களும் நகர வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வரிசையில் இருப்பவர் மூக்கை நுழைத்துவிடுவார். அந்த ஐந்து அடிக்கு ஆர்கானிக் கிளட்ச் என்றால் பெடலைக் கொஞ்சம் விட்டு, வண்டியை உருளவிட்டு, மறுபடி மிதித்துக்கொள்ளலாம். சிக்ஸ் பக்கில் அந்தக் 'கொஞ்சம்' கிடையாது. பெடலில் பிடிக்கும் இடம் ஒரு விரல் தடிமன்கூட இல்லை. அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது, அதற்கு மேலே வண்டி குதிக்கும். இடையில் நிறுத்த முயன்றால் டடடடவென்று அதிரும். ஏசி குமிழில் மாட்டியிருக்கும் கோப்பிப் பை முன்னும் பின்னும் ஆடி டேஷ்போர்டில் இடிக்கும். பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். சுங்கச் சாவடி வரும்போது இடது தொடை நடுங்கும்.

இதற்குக் காரணம் லைனிங் மட்டும் இல்லை. சாதாரண பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலையலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். மார்செல் ஸ்பிரிங் என்பார்கள். பெடலை விடும்போது அது மெத்தை மாதிரி முதலில் அமுங்கி, பிறகுதான் முழுப் பிடி வரும். பக் வகையில் பெரும்பாலும் இந்தத் தகடு கிடையாது. உலோகம் நேராக உலோகத்தில் போய் உட்காருகிறது. கெழு அதிகம், மெத்தையும் இல்லை, அதனால் பிடித்தால் முழுப் பிடி.

நடுவில் இருக்கும் ஹப்பையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் நாலு, ஆறு ஸ்பிரிங் வைத்த ஹப், எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் கியர்பாக்ஸுக்குள் அப்படியே போகாமல் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிரிங்கே இல்லாத சாலிட் ஹப் எடை குறைவு, போட்டி வண்டிக்கு நல்லது. தினமும் ஓட்டும் வண்டியில் அது இருந்தால் கியர்பாக்ஸ் பற்கள் எப்போதும் கடகடத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு காரின் கிளட்சை அதன் மிக வேகமான நிமிடத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாரத்தில் மிக மெதுவாக ஊர்கிற ஒரு மணி நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே விரைவுச்சாலையின் உச்சவரம்பே 90 கிலோமீட்டர். ஊர்வதற்கோ வரம்பே இல்லை.

மார்ச் 6, காலை 8.05

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 பற்றிக் கேட்டவருக்கு: இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைப்பது. எக்ஸெடி என்றால் ஸ்டேஜ் 1 ஆர்கானிக், ஸ்டேஜ் 2 செராமெட்டாலிக் பக். வேறொரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 முழு வட்ட லைனிங்காக இருக்கலாம். அதனால் ஸ்டேஜ் எண்ணைக் கேட்காதீர்கள். நான்கு விஷயத்தைக் கேளுங்கள்: லைனிங் என்ன பொருள், முழு வட்டமா துண்டுகளா, ஹப்பில் ஸ்பிரிங் உண்டா, எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும். நான்காவதற்குப் பதில் சொல்லத் தெரியாத பட்டறையில் வாங்காதீர்கள்.

மார்ச் 6, இரவு 11.15

கெவ்லார் லைனிங் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மென்மையாகப் பிடிக்கும், நிறைய நாள் உழைக்கும், ஃப்ளைவீலையும் அதிகம் தின்னாது. இதெல்லாம் உண்மை. ஆனால் பழக்க நிறைய ஓட்ட வேண்டும், அந்தக் காலத்தில் அவசரப்படக் கூடாது. அதைவிட முக்கியம், ஒருமுறை நன்றாகச் சூடேறி மேல்பகுதி கண்ணாடியாகிவிட்டால் பழைய பிடி முழுதாகத் திரும்பாது. ஆர்கானிக்கும் சூட்டில் பிடி இழக்கும், ஆனால் அளவோடு சூடேறியிருந்தால் ஆறியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். பாலத்து நெரிசலும், வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் நின்று நின்று ஏறுவதும் உள்ள ஊரில் நான் ஆர்கானிக்கைத்தான் சொல்வேன்.

முன்பு இதைப் பற்றி யாராவது கேட்டால் கெவ்லாரையும் ஒரு நல்ல தேர்வாகச் சொல்லிவந்தேன். இப்போது, நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு மட்டும் என்று சேர்த்துச் சொல்கிறேன். உட்லண்ட்ஸைத் தவிர்த்து துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக விடிகாலையில் கோலாலம்பூருக்கு ஓடுகிறவர்கள் அதில் சந்தோஷமாக இருப்பார்கள்.

மார்ச் 8, இரவு 9.30

தம்பி, லைட் ஃப்ளைவீல் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைவுபடுத்தியிருக்கிறாய். சரி.

ஃப்ளைவீலின் வேலை சுழற்சியைச் சேமித்து வைப்பது. கனமாக இருந்தால் எஞ்சின் சீக்கிரம் ஏறாது, சீக்கிரம் இறங்கவும் செய்யாது. வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது அந்தச் சேமிப்புதான் முதல் தள்ளு தருகிறது. எடையைக் குறைத்தால் ஆர்பிஎம் துள்ளி ஏறும், கேட்க இனிமையாக இருக்கும், கீழ் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டி வேகத்தைப் பொருத்துவதும் சுலபம். ஆனால் கிளப்பும்போது எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கக் கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். கூடுதல் ஆர்பிஎம்மில் கிளட்ச் நழுவினால் கூடுதல் சூடு. ஆக, லைட் ஃப்ளைவீல் போட்டால் கிளட்ச் சீக்கிரம் தேய வழி செய்கிறாய். ஏசி கம்ப்ரஸர் வெட்டி வெட்டி ஓடும் நேரத்தில் ஐடில் ஆட்டமும் தெரியும். இந்த ஊரில் ஏசியை அணைத்து ஓட்டுகிறவர் யார்?

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். லைட் ஃப்ளைவீலே வேண்டாம் என்று சொல்வதாகத் தோன்றுகிறது. அப்படி இல்லை. எடை கொஞ்சமே குறைந்த குரோமோலி எஃகு ஃப்ளைவீல், ஆர்கானிக் பிளேட்டோடு, தினசரி வண்டியில் தொந்தரவில்லாமல் ஓடும். என் நண்பன் அப்படித்தான் வைத்திருக்கிறான், நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது. பாதி எடைக்கும் கீழே போன அலுமினியத்தையும் சிக்ஸ் பக்கையும் ஒன்றாகப் போட்டு, அதில் ஈசூனிலிருந்து துவாஸுக்குப் போவதுதான் வேண்டாம் என்கிறேன்.

மார்ச் 9, காலை 10.40

டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள ஐரோப்பிய வண்டிக்காரர்களுக்கு வேறு கணக்கு. 1985இல் லுக் கம்பெனி கொண்டுவந்த அமைப்பு அது. இரண்டு தட்டுகள், நடுவே நீண்ட வளைந்த ஸ்பிரிங்குகள். எஞ்சின் அதிர்வை உறிஞ்சும் வேலையை ஃப்ளைவீலே செய்துவிடுவதால் பல வண்டிகளில் பிளேட்டின் ஹப்பில் ஸ்பிரிங்கே இருக்காது. அதை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடுகிறவர்கள், கூடவே ஸ்பிரிங் உள்ள பிளேட்டையும் மாற்ற வேண்டும். மாற்றினாலும் பழைய அமைதி வராது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடக்கும். அது பழுதில்லை, ஆனால் தினமும் கேட்டாக வேண்டும்.

மார்ச் 10, மாலை 5.25

ஹையேஸ் ஓட்டும் பெரியவர் ஒருவர் கீழே எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். டெலிவரி வேன், மேனுவல், பின்னால் எப்போதும் சரக்கு, ஊர் முழுக்க லோடிங் பே லோடிங் பேயாக நின்று நின்று போகிற வேலை. அசல் கிளட்சே வருஷக்கணக்கில் ஓடியது என்கிறார். அவர் சொல்லும் ரகசியம் இரண்டே வரி: சிவப்பு விளக்கில் கியரை எடுத்துவிட்டுக் காலை எடுங்கள், சரிவில் கிளட்சால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

ஐயா சொல்வதற்கு இயற்பியலும் ஒத்துப்போகிறது. எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, நிற்கும் வண்டியைச் சமதளத்தில் கிளப்பினால், வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் கிடைக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு கிளட்சில் சூடாகப் போகும். இதைத் தவிர்க்க முடியாது. சரிவில் பெடலைப் பாதி விட்டு ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைத்தாலோ, வண்டி நகரவே இல்லை, போகும் ஆற்றல் முழுவதும் சூடுதான். கடைத்தொகுதி நிறுத்துமிடத்தில் வெளியேறும் வரிசை சரிவிலேயே நிற்கும் இல்லையா, சனிக்கிழமை இரவு அங்கே வேகும் கிளட்ச் நாற்றம் எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஹாஃப் கிளட்சில் நிற்கும் வண்டிதான்.

மார்ச் 11, இரவு 10.20

ஜூரோங் அக்கா, முழங்கால் வலி இருப்பவருக்குப் பெடல் கனக்காத கிளட்ச் எது என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இந்தப் பேச்சில் யாரும் எடுக்காத விஷயம்.

என் மனைவியும் ஸ்விஃப்டை ஓட்டுகிறாள், அதனால் பிரஷர் பிளேட் வாங்கும்போது இதுதான் எனக்கு முதல் கவலை. பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விசை கூடினால் பெடலும் அதற்கேற்பக் கனக்கும். பாதிப்பு காலோடு நிற்காது. பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே இருக்கும் ரிலீஸ் பேரிங், ஃபோர்க், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கூடுதல் சுமை. கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர்களும் பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசையைத் தாங்குகின்றன. சிவப்பு விளக்கில் பெடலை மிதித்தபடியே நிற்கக் கூடாது என்று பெரியவர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு என் யோசனை: அசல் விசையிலேயே இருக்கும் பிளேட். உங்கள் வண்டியில் எஞ்சினை மாற்றவில்லை என்றீர்கள். அப்படியானால் வேறு எதுவும் தேவையே இல்லை. பெடல் முன்பைவிடக் கனத்துவிட்டது என்று சொல்கிறீர்களே, அது பெரும்பாலும் பிளேட் தேய்ந்ததன் அறிகுறிதான். லைனிங் தேயத் தேய டயஃப்ரத்தின் கோணம் மாறி, மிதிக்கும் விசை கூடும். புதிது போட்டதும் லேசாகிவிடும்.

மார்ச் 13, இரவு 11.50

டர்போ வண்டியை ரீமேப் செய்தவர்களுக்கு, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றித் திறனைக் கூட்டியவர்களுக்கு. என்னுடையதும் அப்படித்தான், அதனால் எனக்கு ஆர்கானிக் லைனிங்கோடு கனமான பிரஷர் பிளேட் தேவைப்பட்டது.

டைனோவில் (வண்டியின் திறனை அளக்கும் இயந்திரம்) கிடைக்கும் தாளில் இருப்பது சக்கரத்தில் அளந்த எண்ணா, எஞ்சினுக்கு மாற்றிக் கணக்கிட்ட எண்ணா என்று கேளுங்கள். கிளட்ச் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கிறது, அதற்கு எஞ்சின் எண்தான் வேண்டும். சக்கரத்தில் 250 என்று வந்தால், வழியில் 15 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் எஞ்சினில் 294. அதற்கு மேலே இருப்பு. 250ஐப் பார்த்து 270 தாங்கும் கிளட்ச் வாங்கினால் முதல் நாளே நழுவும்.

மறுபக்கமும் உண்டு. 294க்கு 500 தாங்கும் கிளட்ச் வாங்காதீர்கள். கிளட்ச் நழுவுவது ஒரு பாதுகாப்பும்கூட. அது நழுவாமல் பிடித்துவிட்டால் அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். கியர் பற்களைவிட கிளட்ச் மலிவு.

நேற்று இரவு மனைவியோடு ஜேபி போய்வந்தோம், பள்ளி விடுமுறை என்பதால் பாலம் எறும்பு நகர இடமில்லாமல் இருந்தது. போகும்போது நான், திரும்பும்போது அவள். வீடு வந்து இறங்கும்வரை கிளட்சைப் பற்றிய பேச்சே எழவில்லை. நான் தேடியது அதைத்தான்.

மார்ச் 14, காலை 7.45

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு டிராக் நாட்களில் போகிறவர், "அப்போ எனக்கு பக் வேண்டுமா?" என்கிறார். யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்று ஐந்தரை கிலோமீட்டர். அதில் கிளட்ச் எப்போது நழுவுகிறது? கியர் மாற்றும் கண நேரத்தில் மட்டும். மற்ற நேரமெல்லாம் முழுதாகப் பூட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. பிரேக்கும் டயரும்தான் அங்கே வேகும். கிளட்சைக் கொல்வது நின்ற இடத்திலிருந்து ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு விடுகிற ஸ்டார்ட். அதைத் திரும்பத் திரும்பச் செய்யாதவருக்கு, டார்க் கணக்குக்குப் பொருந்தும் ஆர்கானிக்கே டிராக்கிலும் போதும். பிரேக் ஃப்ளூயிடை மாற்றிவிட்டுப் போங்கள். பல வண்டிகளில் கிளட்சும் அதே தொட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

மார்ச் 16, மாலை 4.15

தம்பி கியர்பாக்ஸை இறக்கிவிட்டான், படம் அனுப்பியிருக்கிறான். ரிவெட் தலைகள் லைனிங் மட்டத்துக்கே வந்திருக்கின்றன, நகம் வைத்தால் தடுக்கக்கூட இல்லை. எண்ணெய்க் கசிவு கிடையாது. ஃப்ளைவீலில் நீலமாகச் சில திட்டுகள் தெரிகின்றன. மேலோட்டமாக இருந்தால் லேத்தில் கடைந்தால் போய்விடும். விரிசல் இருந்தால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். கடையாமல் புது பிளேட்டை அதன்மேல் வைக்க விடாதே. அந்தத் திட்டுகள் மற்ற இடங்களைவிடக் கெட்டியாக இருக்கும், கிளம்பும்போது அதிரும்.

முழு வட்ட ஆர்கானிக், ஸ்பிரிங் ஹப், அசலைவிடக் கொஞ்சம் கூடுதல் விசை. இதுதான் உன் வண்டிக்கு. அசல் கிளட்ச் கிட்டையே போட்டாலும் எனக்கு மனநிறைவுதான். உன் சிஓஇயில் இருக்கும் மிச்ச வருஷங்களை அது தாராளமாகத் தாண்டும், ஐந்து வருஷப் புதுப்பிப்புக்கு அப்புறம் மறுபடி நீட்டிக்கவும் முடியாது. வண்டியே போகப்போகும்போது அதில் ட்வின் பிளேட்டை விட்டுவைப்பதில் என்ன இருக்கிறது?

கூலிதான் பெரிய செலவு, அதனால் இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இருந்தால் அது, பின்பக்க ஆயில் சீல், ஃபோர்க் உட்காரும் இடத்துக்குப் புதுக் கிரீஸ், எல்லாம் முடித்துவிடு. ஸ்ப்ளைனில் (பிளேட் உட்காரும் பல் வைத்த தண்டு) கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும், அதிகமானால் சிதறி லைனிங்கில் படும். பிளேட்டை மையம் பார்க்கும் கருவியை வைத்துத்தான் பூட்ட வேண்டும், போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஃபோர்மேனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்.

மார்ச் 19, இரவு 9.05

வண்டி வந்துவிட்டது என்கிறான், மகிழ்ச்சி. முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டு. நின்று கிளம்பும் ஓட்டம்தான் லைனிங்கை ஃப்ளைவீலோடு பொருந்தவைக்கும், விரைவுச்சாலையில் அறுபது கிலோமீட்டர் ஒரே கியரில் போவது இதில் சேராது. முழு மிதி வேண்டாம், ஆர்பிஎம் ஏற்றிக் கிளப்ப வேண்டாம். லேசாகப் புது வாசனை வந்தால் பயப்படாதே.

மார்ச் 21, காலை 8.30

"ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அதிர்கிறது, முன்னால் போகும்போது இல்லை" என்கிறான். புது கிளட்ச் இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை, அது ஒரு காரணம். ஆனால் எஃப்டி2ஆர் வயதுக்கு நான் முதலில் எஞ்சின் மவுண்டுகளைச் சந்தேகிப்பேன். ரிவர்ஸில் எஞ்சின் எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும், முன்னால் போகும்போது சுமை ஏறாத மவுண்டில் அப்போது சுமை ஏறும். பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்தபடி ரிவர்ஸில் கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை மெதுவாக விடு. முன்னால் யாரும் நிற்க வேண்டாம், பின்னாலும் வேண்டாம். எஞ்சின் கைப்பிடி அளவுக்குத் தூக்கிக்கொண்டால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டு 800 கிலோமீட்டரும் முடிந்த பிறகு சொல்.